அணைந்துகொண்டே இருக்கும் பைலட்: கேஸ் ஹீட்டர் கேள்வி – பதில்

தொட்டியுள்ள கேஸ் வாட்டர் ஹீட்டரில் பைலட் சுடர் (பெரிய பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடர்) நிற்கவே மாட்டேன் என்கிறது என்று வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். புகார் ஒன்றுதான், காரணம் வீட்டுக்கு வீடு வேறு. எப்போது அணைகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். குமிழிலிருந்து கையை எடுத்த உடனேயா, பெரிய பர்னர் பற்றும்போதா, காற்றடிக்கும் நாளிலா, யாரும் பார்க்காத இரவு நேரத்திலா? சுடரின் நிறத்தையும் பாருங்கள். பைலட் அணைந்ததும் கேஸ் தானாக நின்றுவிடுகிறதே, அந்த ஏற்பாடுதான் உங்கள் வீட்டைக் காக்கிறது. அது ஏன் நிறுத்துகிறது என்று பார்க்காமல் தினமும் பற்றவைத்துச் சமாளிப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

கேள்வி: குமிழை அழுத்திப் பிடித்திருக்கும் வரை பைலட் நன்றாக எரிகிறது. கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது. கேஸ் வால்வையே மாற்ற வேண்டும் என்கிறார் பழுது பார்க்க வந்தவர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இந்த அறிகுறிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது தெர்மோகப்பிள். பைலட் சுடருக்குள் முனையை நீட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய உலோகக் குச்சிதான் அது. இரண்டு வேறு உலோகங்களை நுனியில் இணைத்துச் செய்திருப்பார்கள். நுனி சூடாகி மறுமுனை குளிர்ந்திருந்தால் அதில் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். அது செம்புக் குழாய் வழியாக வால்வுக்குள் இருக்கும் சிறிய மின்காந்தத்துக்குப் போகிறது. காந்தம் பிடித்திருக்கும் வரை கேஸ் வழி திறந்திருக்கும். விட்டுவிட்டால் ஸ்பிரிங் வந்து மூடிவிடும்.

அந்தக் காந்தத்துக்கு வால்வை இழுத்துத் திறக்கிற பலம் கிடையாது. திறப்பது உங்கள் விரல். திறந்ததைப் பிடித்து வைப்பது மட்டுமே காந்தத்தின் வேலை. குமிழை அரைகுறையாக அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு காந்தத்தில் முழுவதும் ஒட்டாது. தெர்மோகப்பிள் நன்றாக இருந்தாலும் கையை எடுத்ததும் அணையும். எனவே குமிழை அடிவரை அழுத்தி, சுடர் பற்றிய பிறகு முழுதாக ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து விநாடியில் கையை எடுத்துவிட்டு "நிற்கவில்லை" என்பவர்கள் நிறையப் பேர்.

அதிலும் நிற்கவில்லையென்றால், பார்க்கும் துளை வழியாகச் சுடரைக் கவனியுங்கள். நீலமான, அசையாத சுடர் தெர்மோகப்பிளின் மேல் நுனியில் 10 முதல் 13 மில்லிமீட்டர் வரை சூழ்ந்து தழுவ வேண்டும். சுடர் சிறுத்துப்போய் நுனியைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் பழுது தெர்மோகப்பிளில் இல்லை. பைலட்டுக்குக் கேஸ் போகும் துளை அடைத்திருக்கிறது. அதற்கான பதில் கீழே மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

சுடர் சரியாக இருந்தால், தெர்மோகப்பிள் வால்வில் சேரும் நட்டைப் பாருங்கள். இங்கே ஓடும் மின்னழுத்தம் சில பத்து மில்லிவோல்ட்தான். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில், இணைப்பில் படிந்த மெல்லிய களிம்பே மின்சாரத்தைத் தடுக்கப் போதும். கேஸை மூடி, ஹீட்டர் ஆறிய பின் நட்டைக் கழற்றி, முனையையும் அது உட்காரும் குழியையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். திரும்ப மாட்டும்போது கையால் இறுகும் வரை திருகி, பின் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் போதும். அதற்கு மேல் இறுக்கினால் முனையில் இருக்கும் காப்பு நசுங்கி, புதுத் தெர்மோகப்பிளே கெட்டுப்போகும்.

மல்ட்டிமீட்டர் வைத்திருந்தால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். வால்விலிருந்து நட்டைக் கழற்றிவிட்டு, ஒருவர் குமிழை அழுத்திப் பிடித்துப் பைலட்டை எரியவிட வேண்டும். மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு கம்பியைச் செம்புக் குழாயிலும் மற்றொன்றை நுனியிலுள்ள பொட்டிலும் வையுங்கள். ஒரு நிமிடத்தில் 25 முதல் 30 மில்லிவோல்ட் காட்டினால் தெர்மோகப்பிள் நலம். 20-க்குக் கீழே நின்றால் மாற்றிவிடுங்கள். (வால்வோடு இணைத்தபடி அளந்தால் ஏறக்குறைய பாதிதான் காட்டும். அது இயல்பு.) 25-க்கு மேல் காட்டியும் பைலட் நிற்கவில்லையென்றால்தான் வால்வின் மீது பழி போடலாம்.

மாற்றுவது கடினமில்லை. பழையதன் நீளத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். 45, 60, 75, 90 செ.மீ. என்று வருகிறது. மிச்ச நீளத்தை அகலமான வளையமாகச் சுற்றி வையுங்கள், மடித்து ஒடிக்காதீர்கள். பெரும்பாலான ஹீட்டரில் பர்னர் முழுவதையும் வெளியே இழுத்துத்தான் மாற்ற வேண்டும். அப்போது மெயின் பர்னர் குழாய், பைலட் குழாய், தெர்மோகப்பிள் மூன்றையும் வால்விலிருந்து கழற்றுவீர்கள். எல்.பி.ஜி. மாடல்கள் சிலவற்றில் மெயின் பர்னர் குழாயின் நட்டுக்கு இடப்பக்க மரை இருக்கும். கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கி மரையை அழித்துவிடாதீர்கள். எல்லாம் மாட்டிய பின் கேஸைத் திறந்து சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பைலட் குழாயின் நட்டை உடனே பார்த்துவிடலாம். மெயின் பர்னர் குழாயில் பர்னர் எரியும்போதுதான் கேஸ் வரும், அதை அப்போது பாருங்கள். நுரை கிளம்பினால் கசிகிறது என்று பொருள்.

கேள்வி: தெர்மோகப்பிளை மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுபடியும் இரவில் அணைந்துவிடுகிறது. காலையில் பற்றவைத்தால் உடனே பற்றுகிறது. புதியதும் போய்விட்டதா?

பதில்: போயிருக்க வாய்ப்புக் குறைவு. உடனே பற்றி, நிலைத்தும் நிற்கிறது என்றால் தெர்மோகப்பிள் தன் வேலையைச் செய்கிறது. அந்த மின்வழியை வேறு ஏதோ ஒன்று இடையில் துண்டிக்கிறது.

அந்த வழியில் தொடராக இரண்டு காவல் சாதனங்கள் இருக்கலாம். முதலாவது, வால்வுக்குள் இருக்கும் அதிவெப்பத் துண்டிப்பு. தண்ணீர் ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வரை போனால் அது வழியை அறுத்துவிடும். பல மாடல்களில் ஒரு முறை அறுந்தால் வால்வையே மாற்ற வேண்டும்; சிலவற்றில் ஆறியதும் மறுபடி சேரும். இரவில் அணைந்து காலையில் ஒழுங்காகப் பற்றுவதற்கு இந்த இரண்டாவது வகை ஒரு காரணம். குழாயில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால், தண்ணீர் வேண்டிய அளவு சூடானதும் பர்னரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் சரியான இடத்தில் நிறுத்தவில்லை. தொட்டியின் அடியில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும் அடிப்பாகம் மிகையாகச் சூடேறும். பர்னர் எரியும்போது உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கும். கேஸை "பைலட்" நிலைக்குக் குறைத்து, தண்ணீர் ஓரளவு ஆறிய பின் தொட்டியின் அடியிலுள்ள வடிகால் குழாயைத் திறந்து, வண்டல் நிற்கும் வரை தண்ணீரை வெளியே விடுங்கள்.

இரண்டாவது, பர்னர் கதவில் இருக்கும் வெப்ப சுவிட்ச். அடிப்பகுதி மூடிய மாடல்களில்தான் இது உண்டு. பர்னர் அறை அளவுக்கு மீறிச் சூடானால் விழும். நடுவில் சிறிய பொத்தான் இருந்தால் அழுத்தினால் மீளும். அழுத்தினால் சரியாகிறது என்று தினமும் அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். காற்று போதாமல் சுடர் புரண்டு எரிவதாலோ புகை வெளியேறாமல் திரும்புவதாலோதான் அந்த அறை அவ்வளவு சூடாகிறது. இரண்டுமே ஆபத்து. சுவிட்சை வயர் போட்டுத் தாண்டிவிடுவதைச் சிலர் செய்கிறார்கள். அதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள்.

வால்வில் மினுக்கும் விளக்கு உள்ள புதிய மாடலாக இருந்தால் அதில் இருப்பது தெர்மோகப்பிள் இல்லை, தெர்மோபைல். பல தெர்மோகப்பிள்களைத் தொடராகச் சேர்த்தது. மில்லிவோல்ட்டில் சில நூறு தரும். மேலே சொன்ன 25, 30 கணக்கை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். விளக்கு எத்தனை முறை மினுக்கினால் என்ன கோளாறு என்ற அட்டவணை ஹீட்டர் உடம்பிலேயே ஒட்டியிருக்கும்.

கேள்வி: பைலட் சுடர் நீலமாக இல்லை. மஞ்சளாக, துவண்டு, நுனி ஆடிக்கொண்டே எரிகிறது. சில மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது.

பதில்: மஞ்சள் என்றால் கேஸுக்குத் தக்க காற்று கலக்கவில்லை. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு முழுவதும் எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும், புரொப்பேனுக்கு 24. அது குறையும்போது கரித்துகள் எரிந்து மஞ்சளாகத் தெரிகிறது, எரியாத கரி தெர்மோகப்பிள் மேல் படிகிறது. கரி படிந்த நுனிக்குச் சூடு சரியாக ஏறாது. அதனால் அணைகிறது. தெர்மோகப்பிளை மட்டும் மாற்றினால் புதியதும் கரியாகும்.

முதலில் ஹீட்டரின் அடியைப் பாருங்கள். டார்ச் அடித்துத் தரையோடு தலையை வைத்துப் பார்த்தால் காற்று நுழையும் சல்லடை தெரியும். துணிப் பஞ்சு, தூசி, நாய் பூனை முடி எல்லாம் ஃபெல்ட் துணி விரித்த மாதிரி படிந்திருக்கும், அதிலும் துணி துவைக்கும் இயந்திரம் பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து வாக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள். மூடிய மாடல்களில் பர்னருக்கு அடியில் இன்னொரு சல்லடைத் தட்டு இருக்கும். வெளியே இருக்கும் தீப்பிடிக்கும் ஆவி உள்ளே பற்றினாலும் சுடர் வெளியே தாவாமல் தடுப்பது அதுதான். அதன் நுண்துளைகளையும் பர்னரைக் கழற்றிய பின் உள்ளிருந்து சுத்தம் செய்ய வேண்டும். பர்னர் கதவைத் திரும்ப மூடும்போது கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதியது போடுங்கள்.

அடுத்து பைலட் துளை. ஊசி நுனிக்கும் சிறிய துளை, எல்.பி.ஜி.க்கு உரியது இயற்கை எரிவாயுவுக்கு உரியதைவிடவும் சிறியது. இதில் ஊசியோ கம்பியோ விடவே கூடாது. துளை இம்மியளவு பெரிதானாலும் சுடரின் அளவு மாறி, மஞ்சளும் கரியும் நிரந்தரமாகிவிடும். பைலட் குழாயைக் கழற்றி, துளையுள்ள சிறு துண்டை ஆல்கஹாலில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதி, நன்றாக உலரவிட்டுப் பின் மாட்டுங்கள். குழாயையும் ஒரு முறை ஊதிவிடுங்கள். சில மாதங்கள் அணைத்து வைத்திருந்த ஹீட்டராக இருந்தால் சிலந்தி உள்ளே கூடு கட்டியிருக்கும். வெளியே எல்லாம் சுத்தமாக இருந்தும் சுடர் சிறுத்து எரிந்தால் இந்த ஒட்டடையைத்தான் தேடுங்கள்.

தெர்மோகப்பிள் நுனியில் படிந்த கரியை மெல்லிய ஸ்டீல் உல் கொண்டு லேசாகத் தேய்த்தால் போய்விடும். நுனி குழி விழுந்தோ வளைந்தோ இருந்தால் தேய்ப்பதில் பயனில்லை.

அறையில் பெயின்ட், தின்னர், பெட்ரோல், பிளீச்சிங் பவுடர் இருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். முதல் மூன்றும் தீப்பிடிக்கும் ஆவி. பிளீச்சிங்கின் குளோரின் பர்னரையும் புகைக்குழாயையும் அரிக்கும்.

கேள்வி: காற்று பலமாக அடிக்கும் நாளிலும், சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலும் பைலட் அணைகிறது. மற்ற நாளில் எந்தத் தொல்லையும் இல்லை. காற்று படாமல் ஹீட்டரைச் சுற்றித் தகடு அடித்து மூடிவிடலாமா?

பதில்: மூடாதீர்கள். இந்த இதழில் எடுத்துக்கொண்ட கேள்விகளில் எங்களைக் கவலைப்பட வைத்தவற்றில் இது ஒன்று. பைலட் அணைவதைவிடப் பெரிய விஷயம் இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

எக்ஸாஸ்ட் ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவு ஜன்னல் மூடியிருந்தால் அதற்கு எளிய வழி ஹீட்டரின் புகைக்குழாய்தான். மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கி, பைலட்டை அணைப்பதோடு அறைக்குள்ளும் பரவும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். நிறம் கிடையாது, மணம் கிடையாது. வீட்டில் இருப்பவர்கள் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்து, வெளியே போனால் தெளிந்தால் உடனே ஹீட்டரை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியேறி மருத்துவரிடம் போங்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். கதவு ஜன்னல்களை மூடி, எல்லா எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓடவிட்டு, ஹீட்டரின் பெரிய பர்னரை எரியவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, தொட்டியின் தலையில் புகைக்குழாய் தொடங்கும் இடத்திலுள்ள குடை போன்ற விளிம்பைச் சுற்றிப் புகையும் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு போங்கள். புகையை உள்ளே இழுத்துக்கொண்டால் சரி. வெளியே தள்ளினால் ஹீட்டரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். காரணம் தீரும் வரை பற்றவைக்க வேண்டாம். ஊதுபத்தி இல்லாமலேயே சொல்லும் தடயங்களும் உண்டு. தொட்டி மேல்மூடியில் தண்ணீர்க் குழாய்களைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையங்கள் இருக்குமே, அவை உருகியிருக்கிறதா? அந்த விளிம்பைச் சுற்றித் துருவோ கரியோ படிந்திருக்கிறதா? இருந்தால் புகை பல நாளாகவே திரும்பிக்கொண்டிருக்கிறது.

சரிசெய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, அறைக்குக் காற்று. சிறிய மூடிய அறையில் ஹீட்டர் இருந்தால், காற்றோட்டமுள்ள பக்கத்தை நோக்கி இரண்டு திறப்புகள் வேண்டும்: மேற்கூரையிலிருந்து 30 செ.மீ.க்குள் ஒன்று, தரையிலிருந்து 30 செ.மீ.க்குள் ஒன்று. ஒவ்வொன்றும் குறைந்தது 25 செ.மீ. சதுரம்; வலை அடித்தால் அடைபடும் இடத்துக்கு ஈடாக இன்னும் பெரிதாக வேண்டும். இரண்டு, புகைக்குழாய். படுக்கையாகப் போகும் பகுதி மீட்டருக்கு 2 செ.மீ. வீதமாவது மேல்நோக்கி ஏற வேண்டும். நடுவில் தொய்வு இருக்கக் கூடாது. மூட்டுகள் கழன்றிருக்கிறதா, பறவைக் கூடு அடைத்திருக்கிறதா, உச்சியில் தொப்பி இருக்கிறதா என்று பாருங்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் குழாய்க்குள் இறங்காத தொப்பிகள் கிடைக்கின்றன. காற்றடிக்கும் நாளில் மட்டும் அணைகிறது என்றால் அதை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

பர்னரைப் பார்க்கும் சிறுகதவு தொலைந்துபோய் அந்த இடம் திறந்தே கிடந்தாலும் காற்றில் பைலட் அணையும். அதை மட்டும் மூடலாம், மூடத்தான் வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கையறைகளுக்கு அருகில் மாட்டுங்கள். பைலட்டைச் சரிசெய்தாலும் செய்யாவிட்டாலும் இது வேண்டும்.

கேள்வி: சிலிண்டர் மாற்றிய பிறகு பைலட் பற்றவே இல்லை. முன்பு நன்றாக எரிந்தது.

பதில்: குழாயில் காற்று புகுந்திருக்கிறது. குமிழைப் "பைலட்" நிலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தீப்பொறி பொத்தானைச் சில விநாடிக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே இருங்கள். குழாய் நீளமாக இருந்தால் ஒன்றிரண்டு நிமிடம்கூட ஆகும். பற்றாமல் விட்டுவிட்டு மறுபடி முயல்வதாக இருந்தால் குமிழை "ஆஃப்" செய்து, எல்.பி.ஜி.யாக இருந்தால் பத்து நிமிடம் காத்திருங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். குனிந்து தரைக்குப் பக்கத்தில் முகர்ந்து பார்த்த பின்தான் தீப்பொறியைத் தட்ட வேண்டும்.

சிலிண்டர் தீரும் தறுவாயில் பைலட் அணைய ஆரம்பித்து, புதியது மாட்டியதும் சரியானால் அதில் பழுது ஒன்றுமில்லை. புதிய சிலிண்டரிலும் தொடர்ந்தால் ரெகுலேட்டரை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: பைலட் மணிக்கணக்கில் எரிகிறது. ஆனால் பெரிய பர்னர் பற்றும் அந்த நொடியில் இரண்டும் அணைந்துவிடுகின்றன.

பதில்: கேஸ் அழுத்தம் விழுகிறது. பைலட்டுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். அரைகுறை அழுத்தத்திலும் அது எரியும். பர்னர் திறந்ததும் பல மடங்கு கேஸ் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். வழியில் எங்கேயாவது நெருக்கடி இருந்தால் அந்த நொடியில் பைலட்டுக்குக் கிடைப்பதும் பறிபோகும். குழாயின் விட்டம் போதவில்லையா, ரப்பர் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, வழியிலுள்ள கைவால்வு பாதிதான் திறந்திருக்கிறதா, ஒரே ரெகுலேட்டரில் அடுப்பும் ஹீட்டரும் சேர்ந்து ஓடுகின்றனவா என்று வரிசையாகப் பாருங்கள். அடுப்பை முழுதாக எரியவிட்டால் ஹீட்டர் அணைகிறது, அடுப்பை நிறுத்தினால் நிற்கிறது என்றால் வேறு சோதனையே தேவையில்லை.

அணையும்போது "டப்"பென்று வெடிச் சத்தம் கேட்டால் காரணம் வேறு. பர்னர் துளைகளில் துரு விழுந்து, தாமதமாகப் பற்றுகிறது. சேர்ந்துவிட்ட கேஸ் ஒரே வீச்சில் எரிந்து பைலட்டை ஊதிவிடுகிறது. பர்னரைக் கழற்றித் தட்டி, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தச் சத்தம் கேட்கும் ஹீட்டரை அதுவரை ஓட்டாதீர்கள்.

இயற்கை எரிவாயுவுக்கு வாங்கிய ஹீட்டரை எல்.பி.ஜி.யில் இணைத்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. பைலட் துளை, பர்னர் துளை, வால்வின் அழுத்த அமைப்பு எல்லாமே வேறு. அதற்கான மாற்றுத் தொகுப்பைத் தேர்ந்தவரைக் கொண்டு மாட்டுங்கள், இல்லையேல் இணைப்பை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புது ஹீட்டர். பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் உள்ளே "சுர் சுர்" என்று தண்ணீர் சொட்டும் சத்தம், பைலட் அணைகிறது. தொட்டி ஓட்டையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. தொட்டி முழுவதும் பச்சைத் தண்ணீர் இருக்கும்போது, சுடரின் புகையிலுள்ள நீராவி குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளிகளாகி, பர்னர் மேல் விழுகிறது. அது பைலட்டில் விழுந்தால் அணையும். மறுபடி பற்றவைத்து, தொட்டி முழுவதும் சூடேறும் வரை வெந்நீரைத் திறக்காமல் விட்டுப் பாருங்கள். தண்ணீர் சூடான பிறகும் சொட்டுகிறது, அடியில் ஈரம் தேங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் தொட்டி ஓட்டைதான். தொட்டி ஓட்டையை அடைக்க முடியாது, மாற்ற வேண்டும்.

கேள்வி: பைலட் அணைந்த பிறகு கேஸ் வாடை வருகிறது. அணைந்ததால் வருகிற வாடைதானே?

பதில்: தெர்மோகப்பிள் குளிர்ந்து வால்வு மூட ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகலாம், அதுவரை பைலட் துளையிலிருந்து மெல்லிய அளவு கேஸ் வரும். ஹீட்டருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து மறையும் வாடை அது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் வாடை இருந்தால் வேறெங்கோ கசிகிறது, அல்லது வால்வு முழுவதும் மூடவில்லை. சுவிட்சைப் போடவோ அணைக்கவோ வேண்டாம், போனையும் அங்கே வைத்துப் பேச வேண்டாம். கைக்கெட்டினால் கேஸை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

வால்வு மூடுகிறதா என்பதை நல்ல நாளில் சோதித்து வைக்கலாம். குமிழைப் "பைலட்" நிலைக்குத் திருப்பி, பைலட்டை ஊதி அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் வால்வுக்குள் "டக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் கேஸை மூடிவிட்டு வால்வை மாற்றச் சொல்லுங்கள். பைலட்டை ஊதியதும் நாலைந்து விநாடியிலேயே "டக்" கேட்டால் தெர்மோகப்பிள் பலவீனமாகிவிட்டது. சீக்கிரம் அணைய ஆரம்பிக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது குளியலறைச் சுவரில் மாட்டும் சின்ன கேஸ் கீசர். பைலட்டே கிடையாது, பேட்டரியில் பற்றுகிறது. குளிக்க ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் தானாக அணைகிறது. பேட்டரி மாற்றியும் பயனில்லை.

பதில்: பேட்டரி தீர்ந்திருந்தால் பற்றும்போதே திணறும். இரண்டு பெரிய பேட்டரிகளும் சேர்ந்து 3 வோல்ட் தர வேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். தண்ணீர் ஓட்டம் குறைந்தாலும் அணையும். உள்ளே வரும் குழாயின் சல்லடையில் மணல் அடைத்திருக்கிறதா, ஷவர் துளைகளில் உப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இவ்வகையில் பலவற்றில் 20 நிமிடத்தில் நிறுத்தும் டைமர் உண்டு. உங்களுடையது பத்திலேயே நிற்பதால் காரணம் அது இல்லை.

நன்றாகப் பற்றி, நன்றாக எரிந்து, கதவு மூடிய குளியலறையில் சில நிமிடங்களில் அணைகிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது அறையில் ஆக்சிஜன் குறைகிறது என்பதைத்தான். ஆக்சிஜன் உணரும் சாதனம் இருந்தால் அதுதான் கேஸை நிறுத்துகிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி ஏற்ற சுமார் 10 கிலோவாட் வேண்டும். அவ்வளவு பெரிய சுடர் ஒரு சிறிய குளியலறையின் காற்றைத் தின்கிறது, புகையையும் அங்கேயே விடுகிறது. அணைந்ததும் வெளியே வந்து மறுபடி பற்றவைத்துக் குளியலைத் தொடர்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூடிய குளியலறையில் இந்தக் கீசரால் உயிர்கள் போயிருக்கின்றன. சட்டென்று மயக்கம் வரும், கதவைத் திறக்கக்கூடக் கை எழாது.

கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். மாற்றும் வரை வாளியை நிரப்பி, கீசரை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து அறைக் காற்று முழுவதும் மாறிய பின் உள்ளே போங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று வாரம் வெளியூர் போகிறோம். தொட்டி ஹீட்டரின் பைலட்டை அணைத்துவிடலாமா, எரியவே விடலாமா?

பதில்: அணைத்துவிடுங்கள். பைலட் எரிய 100 முதல் 200 வாட் வரை செலவாகும், எல்.பி.ஜி.யில் ஒரு நாளைக்கு 200 முதல் 400 கிராம். வீட்டில் ஆள் இருக்கும்போது அந்தச் சூடு கொஞ்சம் தொட்டித் தண்ணீருக்கே போகிறது. ஆளில்லாதபோது வீண். கடுங்குளிரில் தண்ணீர் உறையும் இடமாக இருந்தால் மட்டும் பைலட்டை விட்டு, தெர்மோஸ்டாட்டை மிகக் குறைந்த நிலையில் வையுங்கள்.

அணைக்கும்போது குமிழோடு நிறுத்தாமல் ஹீட்டருக்கு வரும் கைவால்வையும் மூடுங்கள். திரும்பி வந்ததும் தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் திறந்து வெளியே விட்டு, புதுத் தண்ணீர் நிரம்பிய பின் பைலட்டைப் பற்றவையுங்கள். பல நாள் வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். முதல் முறை 60 டிகிரி வரை சூடேற்றிவிட்டு, பிறகு வழக்கமான அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். 60 டிகிரியில் சில விநாடியிலேயே தோல் வெந்துவிடும், குழந்தைகளையும் முதியவர்களையும் அந்தக் குழாய்ப் பக்கம் விடாதீர்கள்.

பைலட்டை எரியவிட்டுப் போயிருந்தால் இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் வெந்நீரே எடுக்காத தொட்டியில், உள்ளே துருத் தடுக்கும் ஆனோடுக் கம்பியின் வினையால் ஹைட்ரஜன் வாயு சேர்ந்திருக்கலாம். அது எளிதில் தீப்பிடிக்கும். வந்ததும் முதலில் சமையலறை வெந்நீர்க் குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிடுங்கள். காற்று வெளியேறுகிற சத்தம் கேட்டால் அதுதான். அது அடங்கும் வரை பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கவோ, துவைக்கும் இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம் போன்றவற்றை ஓடவிடவோ வேண்டாம்.